தோட்டாவின் கழுத்துக் கோணல்



பம்பரத்தின் ஆணி நடுவிலிருந்து சற்றே விலகி இறங்கியிருப்பின், அது நின்று உறங்குவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே ஓடும். சிறுவரும் அறிந்த இவ்வுண்மைதான், இலக்குச் சுடும் விளையாட்டிலே குறி தவறுவதற்கு ஒரு காரணமாகவும் அமைகின்றது.

றைபிள் துவக்கின் குழலினுள்ளே திருகுபோலப் புரிகள் வெட்டப்பட்டுள்ளன. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகப் புரி அமைந்த குழலிலிருந்து, செக்கனுக்கு 2,700 அடி வேகத்திற் புறப்படும் குண்டு, செக்கனுக்கு 2,700 முறை சுழலும். அக்குண்டு சாய்ந்தவாறு புரியினுட் புகுந்தால், அதன் நிறை சுழற்சியின் நடுக்கோட்டிலிருந்து விலகிவிடும். குழலை விட்டு நீங்கியதும் அது ஒருபக்கம் வீசப்படும். பிராங்க்ளின் மான் என்னும் அமெரிக்க மருத்துவர், நிறை சமனற்ற குண்டுகளை வேண்டுமென்றே செய்து சுட்டு ஆராய்ந்து, தம் முடிபுகளை 1909ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

குண்டு சாய்வது எதனால்? அதனைத் தாங்கி நிற்பது பித்தளைக் கூட்டின் கழுத்து. அக்கழுத்துக் கோணினால் குண்டும் கோணும். அமெரிக்காவில் இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் பலர், சுட்ட கூட்டை மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்துவர். சுடும்போது விரிந்த கூட்டை, டை எனப்படும் உருக்கு அச்சினுள் அழுத்திச் சுருக்குவர். சாதாரண டை, கழுத்தை வேண்டிய அளவிலும் அதிகமாக நெருக்கும். பின்னர் கம்பியொன்றிற் பொருத்திய உருக்கு உருண்டை, கழுத்தினூடாக வெளியே இழுக்கப்பட்டு அதனை விரிக்கும். உலர்ந்த கழுத்து அவ்வுருண்டையைப் பற்றிக்கொள்ளும். இழுக்கும் இழுப்பிலே கழுத்தும் ஒருபக்கம் சாயும். கோணலின் முதற் காரணம் பெரும்பாலும் இதுவே. கழுத்துச் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருப்பது மற்றொரு காரணம்.

ஆகவே, பரிகாரம் தேடுமுன் அளந்து பார்த்தல் வேண்டும். கூட்டின் உடலை இரு தாங்கிகளில் வைத்துச் சுழற்றி, முள் நகரும் அளவுகருவியைக் கழுத்தின்மேற் பொருத்துவர். முள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு அசைந்தால், கழுத்தின் நடு விலகியிருப்பது அதிற் பாதி, அதாவது இரண்டு பங்கு மட்டுமே. சுட்ட கூட்டை முதலில் அளக்க வேண்டும்; அது நேராயிருப்பின் பழுது பின்னர்ச் செய்யும் வேலையில் உளது. உருண்டையைக் கழற்றிவிட்டு டையில் இட்டு அளக்க வேண்டும். இப்போதும் நேராயிருப்பின் குற்றவாளி உருண்டையே. குண்டை இருத்தியபின் மட்டும் கோணல் தோன்றினால், பிழை குண்டிருத்தும் டையினது.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் எளிது. கழுத்தின் உட்புறத்துக்குச் சிறிது மசகு இடலாம். உருண்டையை நீக்கி, நேரான உருக்குத் தண்டொன்றை வாய்ப்புறத்திலிருந்து உட்செலுத்தி விரிக்கலாம். சுவரின் தடிப்பு ஒவ்வாதாயின், தடித்த பக்கத்தை மட்டும் மெல்லக் கடைந்தெடுக்கலாம்.

பித்தளை 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்தது. நெருக்கி விரிக்குந்தோறும் இறுகும். இறுகிய கழுத்து இட்ட அளவில் நில்லாது மீளும். அதனைச் சூடுகாட்டிப் பதப்படுத்துவர். ஆயின் ஓர் எச்சரிக்கை: வெப்பம் கூட்டின் அடிக்குச் செல்லலாகாது. அடி மென்மையுற்றால், வெடிக்கும்போது அமுக்கத்தைத் தாங்காது பிளந்து, சுடுபவரின் முகத்துக்கே தீங்கு விளைக்கும். பழக்கமில்லாதார் இதனைத் தொடாதிருத்தலே நன்று.

ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக் கோணல், சாதாரணத் துவக்கிலே புலப்படாது; மேசையில் துவக்கை இருத்திச் சுட்டு, துளைகளை ஒன்றன்மேலொன்றாக வீழ்த்த முயல்வோருக்கே அது பெரிது. எனினும் இதிலே ஒரு பாடம் உண்டு. கணக்கு விடை பிழைத்தால் இறுதி வரியை அழித்தெழுதும் மாணவன் மீண்டும் பிழைப்பான். வரிவரியாகத் திரும்பிப் பார்ப்பவனே பிழை புகுந்த இடத்தைக் காண்பான். காற்றையும் கண்ணையும் நோவதற்கு முன், ஒவ்வொரு படியிலும் அளந்து பார்ப்பவனே நல்ல குறியாளன்.