சருகுக்கடியில் ஒரு கடற்கரை

திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குப் பேருந்தில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் கடலில் தோன்றிய ஒரு குலம் இங்கேயே குடியிருக்கிறது. வீட்டு வாசலில் பல நாளாக நகர்த்தாத பூந்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், அடுக்கடுக்கான ஓட்டோடு, குட்டி உயிர்கள் சிதறி ஓடும். அவற்றில் சில வகை, தொட்டதும் மிளகு போல உருண்டுகொள்ளும். பூச்சி என்றுதான் சொல்கிறோம். பூச்சிக்கு ஆறு கால், இதற்குப் பதினான்கு. இறாலும் நண்டும்தான் இதன் பங்காளிகள். விலங்கியலில் இதன் பெயர் ஐசோபாடு.

இந்த ஐசோபாடுகளை வீட்டில் வளர்ப்பது இன்று உலகம் முழுக்கப் பரவிவரும் பொழுதுபோக்கு. தாய்லாந்தின் சுண்ணாம்புக்கல் பகுதியிலிருந்து வந்த, வாத்து முகம் கொண்ட ‘ரப்பர் டக்கி’ வகையை வாங்க ஆர்வலர்கள் கணிசமாகச் செலவழிக்கிறார்கள். இதில் இன்னும் துணிந்தவர்கள் கடலோரப் பாறைகளில் திரியும் வகைகளையே பிடித்து வளர்த்துப் பார்க்கிறார்கள்.

அலை தெறிக்கும் எல்லையில்

தமிழகக் கரையில் அலைத்தடுப்புக் கற்கள் கொட்டிய இடங்களில், கரப்பான் வேகத்தில் இடுக்குக்குள் மறையும் உயிரைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரிய கண்கள், பின்னால் பிளவுபட்ட இரட்டை வால், மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம். லிஜியா இனம் அது. அதில் லிஜியா எக்ஸோட்டிகா என்ற வகை 1828இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் கிடைத்ததை வைத்து விவரிக்கப்பட்டது. கப்பல்களில் தொற்றிக்கொண்டு வெப்பக் கடல்களின் துறைமுகங்களுக்கெல்லாம் பரவிவிட்டது.

இது முழுதாகக் கடலுக்கும் சொந்தமில்லை, தரைக்கும் சொந்தமில்லை. வயிற்றுக்கடியில் உள்ள தகடு போன்ற உறுப்புகளால் மூச்சுவிடுகிறது. அவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஆறாவது, ஏழாவது கால் ஜோடிகளை ஈரத்தில் ஊன்றினால் போதும். அவற்றிலுள்ள நுண்ணிய முடிகளின் வழியே நீர் தானாக மேலேறி வயிற்றடிக்கு வந்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆனால் உடலின் ஈரத்தைக் காக்க இதற்கு உருண்டுகொள்ளத் தெரியாது. தெறிக்கும் நீருக்கு எட்டாத தூரத்தில் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.

ஆகவே இதை வளர்ப்பவர்கள் பெட்டியின் ஒரு பக்கம் கடல் மீன்தொட்டிக்கான உப்புக் கரைத்த நீரும் மறுபக்கம் உலர்ந்த கற்களும் வைத்து, காற்று தாராளமாகப் புகும்படி செய்கிறார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலையில் இந்தச் சமநிலையைக் காப்பது பெரும்பாடு. கடற்கரைக்குப் போனால் பார்த்து ரசித்துவிட்டு அங்கேயே விட்டுவருவதுதான் சரி.

தாய் சுமக்கும் நீர்

தரைவாழ் வகைகள் கடலை விட்டு வந்தாலும் நீரை விடவில்லை. பெண் ஐசோபாடின் வயிற்றடியில் நீர் நிரம்பிய ஒரு பை இருக்கிறது. முட்டைகள் அதற்குள்தான் வளர்கின்றன. தரையில் வாழும் நண்டுகளில் பல தம் குஞ்சுகளைக் கடலில் விட்டாக வேண்டும். இதற்கு அந்தத் தேவையே இல்லை. பையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு ஜோடிக் கால்தான். ஏழாவது ஜோடி தோலுரித்த பிறகே முளைக்கும்.

தோலுரிப்பதும் இரண்டு தவணையில் நடக்கிறது. முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. உடம்பில் பாதி வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உடல் முழுக்க நீலம் பாரித்தால்தான் கவலைப்பட வேண்டும். அது ஒரு வைரஸ் நோயின் அறிகுறி, பிழைப்பது கடினம்.

வளர்க்க நினைத்தால்

மூடியில் துளையிட்டு வலை ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் தேங்காய் நார்த்தூளும் தோட்ட மண்ணும் கலந்து மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மேலே காய்ந்த வாதாம் இலை, மா இலை, மக்கிய மரத்துண்டு. மருந்து தெளித்த மரத்துச் சருகு கூடாது. பூச்சிவிரட்டும் தன்மையுள்ள வேப்பிலையையும் தவிர்ப்பது நல்லது. ஒரு பாதி ஈரம், மறுபாதி உலர்வு என்று வைத்தால் வேண்டிய இடத்துக்கு அவையே நகர்ந்துகொள்ளும்.

ஓடு உறுதிப்பட சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேளுங்கள். அது கணவாயின் ஓடு. ஒரு துண்டைப் போட்டுவைத்தால் கொறித்துக்கொள்ளும். முட்டை ஓட்டுத் தூளும் ஆகும். வாரம் ஒருமுறை ஒரு துண்டு பூசணியோ கேரட்டோ போதும், மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். கோடையில் வீட்டிலேயே குளிர்ந்த மூலைக்கு டப்பாவை மாற்றுங்கள்.

இந்தக் குலத்தின் பொறுமைக்கும் ஒரு சாட்சி உண்டு. ஆழ்கடலில் வாழும் ராட்சத ஐசோபாடு ஒன்று ஜப்பானின் டோபா மீன் காட்சியகத்தில் 2009 ஜனவரி 2 அன்று ஒரு மீனைத் தின்றது. அதன் பிறகு எதையும் தொடாமல், 2014 பிப்ரவரியில் இறக்கும்வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பட்டினி கிடந்தது. நம் வீட்டு டப்பாவில் இருப்பவை அப்படியல்ல. சருகு தீர்ந்தால் தவித்துப்போகும்.

மலையில் கை வைக்காதீர்கள்

வளர்க்க ஆசைப்பட்டு அண்ணாமலைமேல் கல் புரட்டப் போக வேண்டாம். மலை வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள உயிர்களை எடுத்துவரக் கூடாது. சொந்தத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து பிடித்தாலே போதும், பெருகிவிடும். வெளிநாட்டு வகை வாங்கினால் அதை ஒருநாளும் மண்ணில் விட்டுவிடாதீர்கள்.

கோடையில் மலையில் தீப் பிடிப்பதும், மரம் நடுபவர்கள் தீத்தடுப்புக் கோடு வெட்டி ஓடியாடி அணைப்பதும் ஊரறிந்த கதை. தீ முதலில் விழுங்குவது சருகைத்தான். மரக்கன்றுக்கு எரு, ஐசோபாடுக்கு வீடு, சோறு எல்லாமே அந்தச் சருகுதான். அதை மென்று துகளாக்கி, பூஞ்சையும் நுண்ணுயிரும் மக்கவைக்க வழிசெய்து, மண்ணுக்குத் திருப்பித் தரும் வேலையை இந்தச் சிற்றுயிர்கள் கூலியில்லாமல் செய்கின்றன. டப்பா வாங்க மனமில்லாதவர்கள் வீட்டுச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியில் குவித்து, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். வளர்ப்பு உயிர்கள் தாமாகவே வந்து சேரும்.