வெளிநாட்டுப் பயணமும் பணமும்: கொண்டு செல்லும் முறைகள், செலவிடும் முறைகள்

மலையகத் தோட்டக் குடும்பம் ஒன்று இந்தியாவுக்குப் பயணம் செய்வது இன்று அரிதன்று. ஸ்ரீரங்கம், சமயபுரம், பழனி முதலிய தலங்களுக்கு யாத்திரை செல்வோரும், கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வாழும் உறவினரைக் காணச் செல்வோரும் பலர். இப்பயணத்துக்கான பணம் சீட்டுப் பணமாகவோ பல வருடச் சேமிப்பாகவோ இருக்கும். இவ்வாறு சேர்த்த பணத்தில் ஒரு பகுதி, பொருள் எதுவும் வாங்காமலேயே, நாணய மாற்றின்போது கரைந்துவிடுகின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது, எவ்வாறு குறைக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. வணிகக் கல்வி, கணிதம் ஆகிய இரு பாடங்களுக்கும் இது பயன்படும்.

1. வரலாற்றுப் பின்னணி

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்ள இணங்கின. தலைமன்னார் வழியாகக் கப்பலேறிய குடும்பங்கள் எவ்வளவு பணம் கொண்டு செல்லலாம் என்பதும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றது. ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகளை எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என அதில் கூறப்பட்டது. அக்காலத்தில் வெளிநாட்டுக்குப் பணம் கொண்டு செல்வது 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. எனவே நாட்டின் எல்லையைத் தாண்டும் பணம் எக்காலத்திலும் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டது என்பதை முதலில் மனத்திற் கொள்க.

2. கொள்வனவு வீதமும் விற்பனை வீதமும்

வங்கியின் அறிவித்தற் பலகையில் ஒவ்வொரு வெளிநாட்டு நாணயத்துக்கும் எதிரே இரண்டு வீதங்கள் காணப்படும்.

கொள்வனவு வீதம்: வங்கி எம்மிடமிருந்து வெளிநாட்டு நாணயத்தை வாங்கும் விலை.
விற்பனை வீதம்: வங்கி எமக்கு வெளிநாட்டு நாணயத்தை விற்கும் விலை.

பரீட்சையில் மாணவர் பலர் தவறு விடும் இடம் இதுவே. "நான் டொலர் வாங்குகிறேன், ஆகவே கொள்வனவு வீதம்" என எண்ணிவிடுகின்றனர். இவ்வீதங்கள் வங்கியின் பக்கத்திலிருந்து பெயரிடப்பட்டவை. நாம் வாங்கும்போது வங்கி விற்கின்றது; ஆதலால் விற்பனை வீதமே பொருந்தும். விற்பனை வீதம் எப்போதும் கொள்வனவு வீதத்திலும் உயர்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் வங்கியின் வருமானம். எமக்கு அது செலவு. ஒவ்வொரு தடவை நாணயம் மாற்றும்போதும் இச்செலவு ஏற்படும். மாற்றும் தடவைகள் கூடினால் இழப்பும் கூடும்.

3. செய்து காட்டப்பட்ட உதாரணம்

டயகமவிலிருந்து ஒரு குடும்பம் 150,000 ரூபாவுடன் தமிழ்நாட்டுக்குச் செல்வதாகக் கொள்வோம். அக்கரபத்தனை, லிந்துலை கடந்து தலவாக்கலை நகருக்கு வந்து, ஒரு வங்கியில் அமெரிக்க டொலர் பெறுகின்றனர். கணிப்புக்காக எடுக்கப்பட்ட வீதங்கள் வருமாறு:

இலங்கை வங்கியொன்றில் 1 டொலர்: விற்பனை 300 ரூபா, கொள்வனவு 292 ரூபா.
இந்திய நாணய மாற்றுநரிடம் 1 டொலர்: கொள்வனவு 84 இந்திய ரூபா, விற்பனை 87 இந்திய ரூபா.

பெறும் டொலர் = 150,000 ÷ 300 = 500 டொலர்.
அனைத்தையும் இந்தியாவில் மாற்றினால் = 500 × 84 = 42,000 இந்திய ரூபா.

பயணத்தில் 33,600 இந்திய ரூபா, அதாவது 400 டொலருக்குரிய பணம், செலவாகின்றது. மீதியை இரண்டு விதமாக நோக்குவோம்.

முதலாம் முறை: 500 டொலரையும் முதல் நாளே மாற்றிவிட்டனர். மீதி 8,400 இந்திய ரூபா. திரும்பும்போது அதைக் கொடுத்து மீண்டும் டொலர் பெற்றால் 8,400 ÷ 87 = 96.55 டொலர். இலங்கையில் அதனை விற்றால் 96.55 × 292, அண்ணளவாக 28,193 ரூபா.

இரண்டாம் முறை: தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக 400 டொலரை மட்டும் மாற்றினர். மீதி 100 டொலர் அப்படியே உள்ளது. இலங்கையில் விற்றால் 100 × 292 = 29,200 ரூபா.

அந்த 100 டொலரை வாங்கக் கொடுத்தது 30,000 ரூபா. முதலாம் முறையில் இழப்பு 1,807 ரூபா. இரண்டாம் முறையில் 800 ரூபா. வித்தியாசம் 1,007 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது நீண்ட போராட்டத்தின் பின்னர், 2021ஆம் ஆண்டிலாகும். அப்போது ஒரு முழு நாள் கொழுந்து பறித்துப் பெற்ற கூலிக்குச் சமமான தொகை, ஒரு கவனக்குறைவால் போய்விடுகின்றது என்பதே இக்கணக்கின் பொருள்.

4. பணத்தைக் கொண்டு செல்லும் வடிவங்கள்

(அ) நாணயத் தாள்கள்: எங்கும் ஏற்கப்படும், தொலைந்தால் திரும்பக் கிடையா. முழுவதையும் ஒருவரே வைத்திருத்தல் தவறு. பாட்டியின் மடியில் உள்ள சுருக்குப்பையில் ஒரு பகுதி, தந்தையிடம் ஒரு பகுதி, அன்றைய செலவுக்குரியது மாத்திரம் பணப்பையில் எனப் பிரித்து வைத்தல் நன்று. கோயிற் கூட்டத்திலும் பேருந்து நிலையத்திலும் பணக்கட்டை வெளியே எடுத்து எண்ணலாகாது.

(ஆ) பற்று அட்டை: டெபிட் கார்ட் எனப்படும் இவ்வட்டை மூலம் எமது கணக்கிலுள்ள பணத்தை வெளிநாட்டு ஏ.டி.எம். இயந்திரத்தில் பெறலாம். அட்டை வெளிநாட்டுப் பாவனைக்கு இயங்குமாறு செய்யப்பட்டுள்ளதா என்பதைப் புறப்படுமுன் வங்கியில் உறுதிப்படுத்த வேண்டும். இரகசிய இலக்கத்தை அட்டையுடன் எழுதி வைத்தலாகாது.

(இ) கடனட்டை: பெரிய கடைகளிலும் விடுதிகளிலும் பயன்படும். இதனைக் கொண்டு ஏ.டி.எம். இயந்திரத்தில் காசு எடுத்தால் பொதுவாக அன்றே வட்டி தொடங்கிவிடும். அவசரத்துக்கன்றி அவ்வாறு செய்யலாகாது.

(ஈ) பயணிகள் காசோலை: பழைய பாடக்குறிப்புகளில் இது முதலிடம் பெறும். அட்டைகள் பரவிய பின்னர் இதன் பாவனை மிகவும் அருகிவிட்டது. வரைவிலக்கணத்துக்காக அறிந்திருந்தாற் போதும்.

ஒரே வடிவத்தை நம்பியிருக்கக் கூடாது. தாள்களும் ஓர் அட்டையும் சேர்த்து, இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பதே சிறந்த முறை எனலாம்.

5. செலவிடும்போது கவனிக்க வேண்டியவை

● ஏ.டி.எம். இயந்திரத்தில் அடிக்கடி சிறு தொகை எடுக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 600 ரூபா நிலையான கட்டணம் எனக் கொண்டால், ஐந்து தடவைக்கு 3,000 ரூபா. அதே பணத்தை ஒரே தடவையில் எடுத்தால் 600 ரூபா. மீதமாவது 2,400 ரூபா.

● சில இயந்திரங்கள் "இலங்கை ரூபாவில் கணக்கிடவா, இந்திய ரூபாவில் கணக்கிடவா?" எனக் கேட்கும். இந்திய ரூபாவையே தெரிவு செய்க. சொந்த நாணயத்தைத் தெரிவு செய்தால் மாற்று வீதத்தை அவ்வியந்திரத்தின் தரப்பே தீர்மானிக்கும். அது பெரும்பாலும் எமக்குப் பாதகமானது.

● தமிழ்நாட்டில் தேநீர்க்கடையிற்கூடக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்துகின்றனர். இது பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்குடன் இணைந்த முறை. எனவே 10, 20, 50, 100 ரூபாத் தாள்களைக் கைவசம் வைத்திருத்தல் அவசியம்.

● நாணயம் மாற்றும்போது தரப்படும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துக. மீதியை மீண்டும் டொலராக்கும்போது அது கேட்கப்படலாம்.

● அடுத்த பயணத்துக்கென வெளிநாட்டுத் தாள்களை வீட்டில் சேமித்து வைப்பது பாதுகாப்பன்று. 2016 நவம்பர் 8ஆம் திகதி இந்திய அரசு 500, 1,000 ரூபாத் தாள்கள் செல்லாதென அறிவித்தது. அதன் பின்னர் வந்த 2,000 ரூபாத் தாளையும் 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து மீளப்பெறுவதாக இந்திய ரிசேர்வ் வங்கி அறிவித்தது.

6. வீதம் மாறும் ஆபத்து

நாணய மாற்று வீதம் நிலையானதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1 டொலர் அண்ணளவாக 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் வீதம் தளர்த்தப்பட்ட பின்னர், மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. 200 ரூபா வீதத்தில் 150,000 ரூபாவுக்கு 750 டொலர் கிடைக்கும். 360 ரூபா வீதத்தில் ஏறத்தாழ 416 டொலர் மாத்திரமே. ஆகவே பயணத் திட்டம் வகுக்கும்போது பணம் முழுவதையும் செலவுப் பட்டியலில் இட்டு நிரப்பாது, ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

7. சட்டத்துக்கு அமைவாக நடத்தல்

வெளிநாட்டு நாணயத்தை வங்கியிலோ இலங்கை மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ மாத்திரம் மாற்ற வேண்டும். வங்கிக்குச் செல்லும்போது கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்க. "கூடிய விலை தருகிறோம்" எனக் கூறும் உண்டியல்காரரிடம் பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு இல்லை. ஏமாற்றப்பட்டால் முறையிடவும் வழியில்லை. போலித் தாள்கள் கிடைக்கவும் கூடும். இந்தியாவுக்குள் 5,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நாணயத் தாள்களையோ, காசோலை முதலியவற்றையும் சேர்த்து மொத்தம் 10,000 டொலருக்கு மேற்பட்ட தொகையையோ கொண்டு செல்வோர் அதனைச் சுங்கத்தில் வெளிப்படுத்த வேண்டும். இலங்கையிலிருந்து கொண்டு செல்வதற்கான எல்லைகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால் புறப்படுமுன் வங்கியில் கேட்டறிதல் வேண்டும்.

நினைவிற் கொள்க

1. நாம் டொலர் வாங்கும்போது விற்பனை வீதம். விற்கும்போது கொள்வனவு வீதம்.
2. மாற்றும் தடவைகளைக் குறைத்தால் இழப்பு குறையும்.
3. தாள்கள், அட்டை என இரு வடிவங்களிலும் கொண்டு செல்க, பிரித்து வைக்க.
4. அனுமதி பெற்ற இடத்தில் மாற்றுக, பற்றுச்சீட்டுப் பெறுக.

பயிற்சி

1. கொள்வனவு வீதத்திலும் விற்பனை வீதம் உயர்ந்திருப்பதற்கான காரணத்தைக் குறிப்பிடுக.
2. ஐக்கிய அரபு இராச்சியத்தில் பணிபுரிந்து டயகமவுக்குத் திரும்பிய ஒருவர் 400 திர்ஹம் கொண்டு வந்தார். 1 திர்ஹமின் கொள்வனவு வீதம் 79 ரூபா, விற்பனை வீதம் 83 ரூபா எனக் கொள்க.
(அ) அவர் வங்கியில் பெறும் இலங்கை ரூபா எவ்வளவு?
(ஆ) பயணம் செல்ல நேர்ந்து அத்தொகை முழுவதற்கும் மீண்டும் திர்ஹம் வாங்கினால் எத்தனை திர்ஹம் கிடைக்கும்?
3. வெளிநாட்டுப் பயணத்தில் நாணயத் தாள்களை மட்டும் கொண்டு செல்வதன் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் தருக.

விடைகள்

1. இவ்வித்தியாசமே நாணய மாற்றுச் சேவைக்காக வங்கி பெறும் வருமானமாகும்.
2. (அ) 400 × 79 = 31,600 ரூபா. (ஆ) 31,600 ÷ 83 = 380.72 திர்ஹம். இருமுறை மாற்றியதால் 19.28 திர்ஹம் இழக்கப்பட்டுள்ளது.
3. நன்மை: எங்கும் ஏற்கப்படும். தீமை: தொலைந்தாலோ திருடப்பட்டாலோ மீளப்பெற முடியாது.