கையால் தேய்த்த ஆடி

தொலைநோக்கியின் உயிர் அதன் ஆடிதான். குழாயும் தாங்கியும் தச்சரிடம் சொன்னால் ஆகிவிடும். கண்வில்லை கடையில் கிடைக்கும். ஆடியை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையால் தேய்த்தே செய்துவிடலாம் என்று சொன்னால்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஒளியின் ஓர் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் கேட்கிற பொருள் அது. கையால் எப்படி முடியும் என்று கேட்பது நியாயமே. 2025ஆம் ஆண்டின் பெரும்பகுதியை ஆறங்குல ஆடி ஒன்றோடு கழித்தவன் என்ற முறையில் அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அப்போது தொழில்முறை வானியலாளர் அல்லர். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இசை கற்பித்துப் பிழைத்தவர். அவர் பயன்படுத்திய ஆடியின் விட்டம் ஆறங்குலத்துக்குச் சற்றே அதிகம். உலோகத்தை வீட்டிலேயே வார்த்து, தானே தேய்த்து மெருகேற்றியது. மெருகேற்றும்போது கையை எடுக்கக் கூடாது என்று மணிக்கணக்காக அவர் நின்றதையும், அப்போது தங்கை கரோலின் அருகில் இருந்து கதை படித்துக் காட்டி, உணவை வாயில் ஊட்டிவிட்டதையும் கரோலினே எழுதி வைத்திருக்கிறார். பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். சூரியக் குடும்பத்தின் எல்லையை இரட்டிப்பாக்கியது ஒரு பொழுதுபோக்கு.

இன்று உலோகம் வேண்டாம், கண்ணாடி போதும். ஒரே அளவில் இரண்டு வட்டுகள் வெட்டி வாங்க வேண்டும். ஒன்று ஆடியாகப் போவது, மற்றது அடிவட்டு. அடிவட்டை ஒரு முக்காலியின் மீது அசையாமல் பொருத்தி, அதன்மேல் கார்போரண்டம் தூளைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆடியை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சில தள்ளல்களுக்கு ஒரு முறை கையிலுள்ள வட்டைச் சற்றுத் திருப்ப வேண்டும். நாமும் முக்காலியைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். இவ்வளவுதான். மேலே உள்ள வட்டு விளிம்பைத் தாண்டி வெளியே போகும்போது அதன் நடுப்பகுதியில் அழுத்தம் கூடுகிறது. அதனால் மேல்வட்டு நடுவில் குழிகிறது, கீழ்வட்டு விளிம்பில் தேய்ந்து புடைக்கிறது. ஆட்டுக்கல்லில் குழியும் குழவியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவது போலத்தான் இதுவும்.

ஆனால் அந்தக் குழி ஏன் ஒழுங்கான கோளத்தின் துண்டாக அமைய வேண்டும்? இந்தக் கலையின் முதல் அழகு இங்கேதான் இருக்கிறது. இரண்டு பரப்புகள் எந்தத் திசையில் தள்ளினாலும், எப்படித் திருப்பினாலும் எல்லாப் புள்ளிகளிலும் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்க வேண்டுமென்றால் அவை கோளத்தின் துண்டுகளாக மட்டுமே இருக்க முடியும் (தட்டைப் பரப்பும் முடிவில்லாத ஆரமுள்ள கோளம்தான்). எங்காவது மேடு இருந்தால் அங்கே முதலில் தூள் கடிக்கும், மேடு தேயும். நம் கையின் தள்ளல் ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. ஒருவரைப் போல இன்னொருவர் தள்ளவும் மாட்டார். அந்த ஒழுங்கின்மையே நமக்குச் சாதகம். பிழைகள் ஒரே இடத்தில் சேராமல் வட்டு முழுதும் சிதறி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

என் ஆடியின் விட்டம் 150 மி.மீ., குவிநீளம் 1,200 மி.மீ. அதற்கு நடுவில் தேவையான ஆழம் 1.17 மி.மீ. மட்டும். 80ஆம் எண் தூள் அந்த ஆழத்தைச் சில நாள் மாலை வேலையிலேயே எட்டிவிடும். தூளின் எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும்: 80, 120, 220, 320, 500, அதற்கும் மேல் மாவு போன்ற அலுமினியம் ஆக்சைடு. கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சீசன் என்பவர் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்தது. நமக்கு இது அன்னியப் பொருள் அல்ல. சென்னைத் திருவொற்றியூரில் 1950களிலிருந்து இதை வைத்துத் தேய்ப்புக் கற்கள் செய்கிறார்கள்.

தேய்க்கும்போது காது நல்ல வழிகாட்டி. புதுத்தூள் போட்டதும் கரகரவென்று உரத்த சத்தம் வரும். துகள்கள் உடைந்து பொடியாகப் பொடியாக அது தேய்ந்து, ஈரமான முனகலாக மாறும். அப்போது கழுவிவிட்டுப் புதுத்தூள் போட வேண்டும். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் இரண்டு சோதனைகள் உண்டு. பென்சிலால் கண்ணாடியின் குறுக்கே கோடுகள் போட்டுச் சிறிது நேரம் தேய்த்துப் பார்ப்பது ஒன்று. கோடுகள் நடுவிலும் விளிம்பிலும் ஒரே வேகத்தில் மறைந்தால் இரு பரப்பும் முழுதாகத் தொடுகின்றன என்று பொருள். பூதக்கண்ணாடியால் பரப்பைப் பார்த்து, முந்தைய தூளின் குழிகள் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உறுதி செய்வது மற்றொன்று. தூள் மாறும்போது வாளி, துணி, முக்காலி, நகக்கண் எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். 500இல் தேய்க்கும்போது 80ஆம் எண் துகள் ஒன்று உள்ளே வந்தால் போதும், கண்ணாடியின் குறுக்கே நீண்ட கீறல் விழும்.

நுண்தூள் முடிந்ததும் கண்ணாடி வெண்பனி படர்ந்தது போல மங்கலாக இருக்கும். அதை ஒளிரச் செய்ய வேறொரு பொருள் வேண்டும்: கீல். படகுக்குப் பூசும் கீல் வகையைச் சேர்ந்த, பிசினும் தாரும் கலந்த கெட்டியான கரும்பொருள். உருக்கி அடிவட்டின் மேல் ஊற்றி, ஆறும்போது ஆடியை வைத்து அழுத்தி, சதுரச் சதுரமாக வாய்க்கால் வெட்டினால் மெருகேற்றும் மெத்தை தயார். தூள் இப்போது சீரியம் ஆக்சைடு. கார்போரண்டம் துகள்கள் உருண்டு உருண்டு கண்ணாடியைக் கொத்துகின்றன. சீரியம் துகள்களோ கீலுக்குள் புதைந்து நின்று கண்ணாடியை மெல்லச் சீவுகின்றன. கீலை ஓங்கித் தட்டினால் உடையும். அழுத்தி வைத்தால் மெதுவாக ஓடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் ஊற்றிவைத்த கீல், ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் இன்றும் வடிந்துகொண்டிருக்கிறது. இந்தக் குணத்தால்தான் அது ஆடியின் வளைவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நியூட்டனும் தம் ஆடிக்குக் கீலைத்தான் பயன்படுத்தினார். மூன்றரை நூற்றாண்டாக அதற்கு முழு மாற்று வரவில்லை.

நம் ஊர் வெயிலில் கீல் பெரும்பாடு படுத்தும். குளிர்நாட்டு நூல்களில் சொல்லும் கலவை சித்திரையில் இங்கே கூழாகிவிடும். பிசினைக் கூட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் மெலிதாகத் தடம் பதிய வேண்டும், குழியக் கூடாது. கோடையில் விடியற்காலை மட்டுமே மெருகு வேலைக்கு ஏற்ற நேரம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். இனிதான் உண்மையான வேலை. கோளத் துண்டான ஆடி ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காது. அதைப் பரவளையமாக மாற்ற வேண்டும். என் ஆடியில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வேறுபாடு, நடுவில் பொருத்திப் பார்த்தால் விளிம்பில் சுமார் 0.3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு. இதை எந்த அளவுகோலால் அளப்பது?

லியோன் பூக்கோ 1858இல் இதற்கு வழி கண்டார். ஊசல் வைத்துப் பூமியின் சுழற்சியைக் காட்டினாரே, அதே பிரெஞ்சுக்காரர். தேவையானவை ஒரு சிறு விளக்கு, ஒரு சவர பிளேடு, ஆடி நிற்க ஒரு தாங்கி. ஆடியின் வளைவு மையத்தில், அதாவது என் கணக்கில் 2,400 மி.மீ. தள்ளி, விளக்கின் முன் மெல்லிய பிளவு வைத்து ஒளியை அனுப்ப வேண்டும். அது ஆடியில் பட்டுத் திரும்பி, பிளவுக்குப் பக்கத்திலேயே வந்து குவியும். குவியும் இடத்தில் பிளேடை நுழைத்து, அதன் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பரப்பு ஒழுங்கான கோளம் என்றால் ஆடி முழுதும் ஒரே கணத்தில் சீராக இருளும். எங்காவது மேடு இருந்தால் அங்கிருந்து வரும் கதிர் சற்று விலகும். ஒரு பகுதி பிளேடில் தடைபடும், இன்னொரு பகுதி தப்பிக் கண்ணை அடையும். ஆடி ஒரு பக்கத்திலிருந்து விளக்கு அடித்தது போல மேடும் பள்ளமுமாகத் தெரியும். நானோமீட்டர் கணக்கில் உள்ள மேடுகள், வெறும் கண்ணுக்கு!

இதன் நுண்மையைக் காட்ட ஒரு செய்முறை போதும். பளபளக்கும் ஆடியின் மேல் கட்டைவிரலை ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, பிளேடின் பின்னாலிருந்து பாருங்கள். விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சூட்டில் விரிந்து குன்றாக எழுந்து நிற்கும். சில நிமிடங்களில் அது மெல்லத் தணிந்து காணாமல் போகும். ஒளிக்கற்றையின் குறுக்கே கையை நீட்டினால் உள்ளங்கையிலிருந்து எழும் வெப்பக்காற்று சுருள் சுருளாகத் தெரியும். கண்ணாடி என்றால் கல் போல அசையாதது என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஆண்டின் மிகப் பெரிய கண்திறப்பு இதுதான். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளும் வானத்தைவிட இதையே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள்.

இதனால்தான் சோதனைக்கு நிலையான வெப்பம் தேவைப்படுகிறது. 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைடு டோம்பா, அதற்கு முன் கான்சஸில் பண்ணை வேலை செய்தவர். ஆடிகளைச் சோதிக்கவே நிலத்தில் ஆழக் குழி தோண்டி நிலவறை அமைத்தார். நமக்கு உள்ளறையும் நிறுத்திய மின்விசிறியும் போதும். மெருகேற்றிய ஆடி ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

பரவளையத்தில் ஒவ்வொரு வளையமும் வெவ்வேறு இடத்தில் குவியும். என் ஆடியில் நடுவுக்கும் விளிம்புக்கும் அந்த இடைவெளி 2.3 மி.மீ. அட்டையில் சன்னல்கள் வெட்டி ஆடியின் முன் வைத்து, வளையம் வளையமாக அளந்து, கணக்கிட்டதோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு மெருகேற்ற வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் தேய்ப்பு, ஒரு மணி நேரம் காத்திருப்பு, மறுபடி சோதனை. கடைசிக் கட்டத்தில் வேலையின் முக்கால்வாசி சோதனைதான்.

ஒரே சோதனையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சாட்சி. 1990இல் விண்ணுக்குப் போன அதன் 2.4 மீட்டர் ஆடி மிக வழவழப்பானது, ஆனால் வடிவம் தவறியது. விளிம்பு தேவையைவிட 2.2 மைக்ரான் தட்டையாக இருந்தது. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டதே காரணம். எளிய கருவிகள் கோளாறு இருப்பதைக் காட்டியும், அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரிய கருவியை நம்பினார்கள். 1993இல் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

என் ஆடி தயாரானதும் முதலில் பூச்சில்லாமலே நிலவைப் பார்த்தேன். வெறுங்கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் நான்கு விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். நிலவுக்கு அதுவே தாராளம். பிறகு வெற்றிட அறையில் அலுமினியம் ஆவியைப் படியவைத்து வாங்கினேன். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். வடிவத்தைத் தருவது கண்ணாடி, ஒளியைத் திருப்புவது இந்தப் படலம். தாங்கி, ஜான் டாப்சன் காட்டிய மரப்பெட்டி முறை. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தபோது கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர் அவர். பின்னர் 1968 முதல் நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, வழிப்போக்கர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

2025 செப்டம்பர் 7 இரவு முழு நிலவு மறைப்பு. மேகம் விலகிய போதெல்லாம் தெருவே வரிசையில் நின்று செந்நிலவைப் பார்த்தது. சனிக்கோளின் வளையம் அந்த ஆண்டு நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால், நவம்பரில் அது கோளத்தின் குறுக்கே செருகிய ஊசி போல நின்றது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் காட்சி. இனி ஆண்டுதோறும் வளையம் விரியும். வளையத்துக்குள் இருக்கும் காசினி இடைவெளியைப் பிரித்துக் காண ஆறங்குலம் ஓரளவுக்குத் தாங்கும், பத்தங்குலம் தெளிவாகக் காட்டும்.

எனவே 2026க்கு என் திட்டம் 250 மி.மீ. ஆடி, குவிநீளம் 1,250 மி.மீ. சன்னல் கண்ணாடி வேண்டாம். வெப்பத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கே விரியும் போரோசிலிகேட் வட்டு. கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் சுமார் 2 மைக்ரான், முதல் ஆடியைப் போல ஏழு மடங்கு. ஆகவே பூக்கோ சோதனையோடு, கோடுகள் வரைந்த தகட்டின் வழியே பார்க்கும் ரோங்கி சோதனையையும், நட்சத்திரத்தைக் குவியத்துக்கு முன்னும் பின்னும் வைத்து ஒப்பிடும் சோதனையையும் செய்யப்போகிறேன். மூன்றும் ஒத்துவந்தால்தான் பூச்சுக்கு அனுப்புவேன். கூடவே, பக்கத்துப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாலரை அங்குல ஆடிகள் தேய்க்க ஏற்பாடு. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 1986 முதல் வானைப் பார்த்துக்கொண்டிருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் இந்திய வான் இயற்பியல் மையத்தின் பெங்களூர்க் கூடத்தில் தேய்த்து மெருகேற்றியதுதான் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

நீங்களும் தொடங்க நினைத்தால் நாலரை அல்லது ஆறங்குலத்தோடு தொடங்குங்கள். கண்ணாடி வாங்க அவசரம் வேண்டாம். விளக்கும் பிளேடும் மரச்சட்டமும் கொண்டு சோதனை மேடையை முதலில் செய்து, அதைக் கையாளப் பழகுங்கள். தேய்ப்பை அதன் பிறகு ஆரம்பிக்கலாம்.