குடல் தசையும் கார்பன் மோனாக்சைடும்

மூடிய அறையில் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்கியோர் விடியலில் உயிரற்றுக் கிடந்த செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். அத்துயருக்குக் காரணமான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. உறுப்புகள் ஆக்ஸிஜனின்றித் தவிக்கின்றன.

இந்த நஞ்சை நம் உடலே நாள்தோறும் உண்டாக்குகிறது என்பது வியப்புக்குரியது. முதிர்ந்த சிவப்பணுக்கள் அழியும்போது, ஹீமோகுளோபினின் இரும்புக் கூறான ஹீமை ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்னும் நொதி சிதைக்கிறது. 1968-இல் கண்டறியப்பட்ட இவ்வினையில் பச்சை நிறமி ஒன்றும், இரும்பும், கார்பன் மோனாக்சைடும் வெளிப்படுகின்றன. அடிபட்டுக் கன்றிய தோல் பச்சையாகிப் பின் மஞ்சளாவதும் இவ்வினையின் விளைவே.

இந்நொதியின் மற்றொரு வகை, குடற்சுவரின் நரம்பணுக்களில் அமைந்துள்ளது. அங்கு அதன் பணி என்ன? உணவு குடலில் நகர வேண்டுமாயின், அதற்குப் பின்னுள்ள தசை சுருங்க வேண்டும். முன்னுள்ள தசை நெகிழ வேண்டும். இந்நியதியை 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் வகுத்துரைத்தனர். சுருக்கம் மட்டும் இருந்து நெகிழ்ச்சி இல்லையெனில் உணவு தேங்கிவிடும்.

நெகிழ்ச்சிக்குத் துணைநிற்கும் தூதுகளுள் ஒன்று கார்பன் மோனாக்சைடு. அது தசையணுவின் பொட்டாசியம் வாயில்கள் திறக்கத் துணைபுரிகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் வெளியேறுவதால் அணுவின் உட்புறம் மேலும் எதிர்மின் நிலையடைகிறது. அந்நிலையில் கால்சியம் வாயில்கள் எளிதில் திறவா. கால்சியம் உட்புகாவிடில் தசை சுருங்குவதில்லை.

இதற்குத் தெளிவான சான்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் கிடைத்தது. இந்நொதிக்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் குடலில், தசையை நெகிழச் செய்யும் நரம்புத் தூது ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது. அதே பணியைச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி அங்கு இருந்தும் பயனில்லை. வெளியிலிருந்து கார்பன் மோனாக்சைடைச் சேர்த்ததும் இயல்பு நிலை திரும்பியது. இரு வாயுக்களும் இணைந்தே செயற்படுகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடல் சில நாள் அசைவற்றிருப்பதுண்டு. மிகக் குறைந்த அளவில் செலுத்தப்பட்ட இவ்வாயு, அழற்சியைத் தணித்து அத்தேக்கத்தைக் குறைத்ததை எலிகளிலும் பன்றிகளிலும் கண்டுள்ளனர்.

எனினும், உடல் தானே ஆக்கும் பொருள்தானே என்று எவரும் அசட்டையாயிருத்தல் கூடாது. உடல் ஒரு நாளில் ஆக்குவது ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் மட்டுமே. அதுவும் மூச்சுடன் வெளியேறிவிடுகிறது. குடலுக்குத் தூதாக அமைவது அந்தச் சிற்றளவே. மூடிய அறையில் எரியும் கரியோ அவ்வளவை அறியாது. காற்றோட்டத்திற்கு வழி வைக்க வேண்டியவர்கள் நாமே.