எழுதாது விட்ட விடை

ஆலைகளில் இயந்திரங்களை இயக்கி நிறுத்துவது பி.எல்.சி. என்னும் கருவி. 'நீர் குறையின் மோட்டார் ஓடுக' என்னும் ஆணையை ஒரு முறை எழுதிப் பத்துத் தொட்டிகளுக்கும் பயன்படுத்தலாம். அத்தகைய ஆணைத்தொகுதியே பங்ஷன் எனப்படும். உட்செல்வது நீர்மட்டம், வெளிவருவது 'ஓடு' அல்லது 'நில்' என்னும் விடை.

நீர் குறைந்தபோது 'ஓடு' என எழுதி, நிறைந்தபோது யாதும் எழுதாது விட்டால் மோட்டார் நிற்குமோ? எழுதாமையே 'நில்' என்பதாகும் என நாம் கருதுவது இயல்பு. கருவி அங்ஙனம் கருதுவதில்லை. பங்ஷனுக்கு நினைவும் இல்லை. சீமென்ஸ் எஸ்7 வகைக் கருவிகளில், எழுதப்பெறாத விடையிடத்தில் முன்னர் வேறெதற்கோ வைத்த மதிப்பு எஞ்சியிருத்தல் கூடும். தொட்டி வழிந்தோட, மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும்!

ஆதலின் அறிந்தோர் முதல் வரியிலேயே 'நில்' என எழுதி, வேண்டுங்கால் மட்டும் 'ஓடு' என மாற்றுவர். முன்னைய விடையே நீடிக்க வேண்டுமாயின், அதனை உள்ளே கொணர்ந்து மீண்டும் வெளிவிடும் இன்-அவுட் என்னும் வாயிலே ஏற்றது.