உதவிக்கு வந்தவர் யார்?

2024 ஜூலை 30 அதிகாலை. வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. ராணுவம், தேசியப் பேரிடர் மீட்புப் படை, தீயணைப்புத் துறை, வனத்துறை, போலீஸ், கூடவே ஏராளமான தன்னார்வலர்கள் என அந்த மலைக்கிராமங்கள் வெளியாட்களால் நிரம்பின. சில நாட்களிலேயே கேரள அரசு ஓர் எச்சரிக்கை விட வேண்டிவந்தது: மீட்புப் பணி என்ற பெயரில் இரவில் போலீஸ் அனுமதியின்றி யாரும் அங்கே நுழையக் கூடாது, மீறினால் நடவடிக்கை. உயிர் தப்பினால் போதுமென்று ஓடியவர்கள் நகையையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டா ஓடியிருப்பார்கள்? அவற்றைத் திருட வருபவர்களைத் தடுக்கத்தான் அந்த எச்சரிக்கை.

அதே இடத்துக்கு நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து செவிலியர் சபீனாவும் போனார். பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்த ஆற்றை ஜிப்லைனில் தொங்கியபடி கடந்து, அக்கரையில் காயத்தோடு கிடந்தவர்களுக்கு முதலுதவி செய்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அவரும் வெளியாள், திருட வருபவனும் வெளியாள். ஒருவரை உடனே உள்ளே விட வேண்டும், மற்றவனை வாசலிலேயே நிறுத்த வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

வயநாட்டில் தேடும் பகுதியை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, 40 குழுக்களை இறக்கினார்கள். ஒவ்வொரு குழுவிலும் உள்ளூர்க்காரர்களும் வனத்துறை ஊழியர் ஒருவரும் இருந்தார்கள். வழி தெரிந்த ஆள் கூடவே இருப்பதோடு, யார் எந்தக் குழு என்பதற்கும் ஒரு கணக்கு கிடைத்துவிடுகிறது. எந்தக் கருவியையும்விட இதையே நான் முதலில் வைப்பேன்.

கணக்கு வேண்டியது திருடனுக்காக மட்டுமல்ல. பிரிட்டனில் தீயணைப்பு வீரர் புகைக்குள் நுழையும் முன் தன் சுவாசக் கருவியில் மாட்டியிருக்கும் பெயர் வில்லையைக் கழற்றி வாசலில் உள்ள பலகையில் செருகிவிட்டுப் போகிறார். சிலிண்டரில் எவ்வளவு காற்று, உள்ளே போன நேரம் என்ன என்பதெல்லாம் அந்தப் பலகையில் தெரியும். நேரமாகியும் வில்லை அங்கேயே இருந்தால் ஆள் உள்ளே சிக்கியிருக்கிறார். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தார்கள். பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களும் வண்டியில் ஏறி வந்திருந்தார்கள். விவரம் எழுதிய பலகைகள் கோபுரங்களோடு நொறுங்கின. யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று தெரியவே வெகுநேரம் ஆயிற்று.

பலகையின் வேலையை இப்போது கியூஆர் அட்டையும் ரேடியோ பட்டையும் ஜிபிஎஸ்ஸும் செய்கின்றன. பதிவு ஒரே இடத்தோடு அழியாமல் தொலைவிலும் ஒரு பிரதி இருக்கும் என்பது பெரிய லாபம். ஆனால் இடிபாட்டுக்குள்ளும் அடித்தளத்திலும் ஜிபிஎஸ் கைவிட்டுவிடும். கியூஆரிலும் இரண்டு வகை உண்டு. இணையதளத்தைத் திறந்து காட்டும் வகை, செல்போன் கோபுரம் சாய்ந்ததும் வெறும் படம். டிஜிட்டல் கையொப்பம் பொதிந்தது இணையம் இல்லாமலும் செல்லும். ஆதாரின் கியூஆர் இந்த வகைதான். ஆனால் ஆள் யார் என்பதைத்தான் ஆதார் சொல்லும்; அவரை யார் அனுப்பினார்கள் என்பதைச் சொல்லாது. சீருடையை நம்பவே வேண்டாம், எந்தத் தையல்கடையிலும் தைத்துவிடலாம்.

ஆகவே வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றால் எந்தத் துறை, எந்தக் குழு, குழுத் தலைவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். உண்மையான பணியாளர் கோபப்பட மாட்டார். ஓடிபி, வங்கி விவரம் கேட்டாலோ, மீட்கப் பணம் வேண்டும் என்றாலோ சந்தேகமே வேண்டாம், 112க்குச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அரசு ஊழியராக நடித்து அந்தப் பதவியின் பேரில் காரியம் செய்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. மோசடி எண்ணத்தோடு அரசு ஊழியரின் உடையை அணிவதே 205ஆம் பிரிவின்படி குற்றம்.

உதவப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு செய்யாமல் உள்ளே போனால், மண் மறுபடி சரியும்போது உங்களைத் தேட யாருக்கும் தோன்றாது. வரும்போது பெயர் கொடுப்பதுபோலத் திரும்பும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் தூங்குகிறவரை ஒரு குழு சேற்றில் தேடிக்கொண்டிருக்கும். நியாயமான காரணமின்றி அதிகாரிகளின் உத்தரவை மீறினால் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 51இன் கீழ் ஓராண்டு வரை சிறைக்கு வழி உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு. முறையாகச் சேர விரும்பினால் பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா திட்டம் இருக்கிறது: பயிற்சி, அடையாள அட்டை, காப்பீடு மூன்றும் உண்டு.

பதிவேடே ஆபத்தாகவும் மாறலாம். நிவாரண முகாமில் எழுதிய பெயர், செல்போன் எண், குடும்ப விவரம் அடங்கிய தாளை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து நிவாரணப் பணம் வாங்கித் தருவதாக மோசடிக்காரன் பேசுகிறான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேரிடர் உதவிக்காக ஒப்புதல் இல்லாமலே விவரங்களைக் கையாள இடம் தருகிறது. அந்தச் சலுகை உதவிக்கு மட்டுமே. பட்டியல் பரவுவதைக் கண்டால் முகாம் பொறுப்பாளரிடம் புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் பேசுங்கள்.