ரிமோட் விமானம் பறக்கவிட ஆசையா? முதல் நாளே உடையாமல் இருக்க இதைத் தெரிஞ்சுக்கோங்க!

நடிகர் அஜித்குமாருக்கு ரிமோட் விமானங்கள் மீது இருக்கும் ஆர்வம் ஊரறிந்த விஷயம். 2018-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இயங்கும் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது.

இதையெல்லாம் பார்த்து, "நாமளும் ஒண்ணு வாங்கிப் பறக்க விடலாமே" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பலர் செய்யும் முதல் வேலை, ஆன்லைனில் பார்க்கவே மிரட்டலாக இருக்கும் ஒரு போர் விமான மாடலை ஆர்டர் போடுவது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய், பேட்டரியை மாட்டி, தூக்கி வீசினால் பத்தே நொடியில் மூக்கு நொறுங்கித் தரையில் கிடக்கும். பல ஆயிரம் ரூபாய் போச்சு. ஆசையும் அதோடு போச்சு.

தப்பு எங்கே நடந்தது? முதல் விமானத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? பேட்டரியில் என்ன கவனம் வேண்டும்? எங்கே பறக்க விடலாம், எங்கே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

பொம்மை இல்லை, நிஜ விமானம்

கேமரா ட்ரோனை நீங்கள் விட்டுவிட்டாலும் அது அந்தரத்தில் அப்படியே நிற்கும். அதற்குள் இருக்கும் சென்சார்களும் ஜிபிஎஸ்ஸும் பார்த்துக்கொள்ளும். இறக்கை வைத்த விமானம் அப்படி இல்லை. முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் இறக்கைக்குத் தூக்கு விசை கிடைக்கும். நின்றால் விழும்.

பெரிய விமானத்துக்குப் பொருந்தும் அதே இயற்பியல்தான் அரைக் கிலோ ஃபோம் விமானத்துக்கும். என்சிசி விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் கற்றுக்கொடுப்பதும் அதனால்தான்.

ஒரு காலத்தில் இந்த விமானங்களில் எரிபொருள் ஊற்றும் குட்டி இன்ஜின்கள்தான் இருந்தன. சத்தம், புகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உண்டு. 1957-ல் பிரிட்டனைச் சேர்ந்த கர்னல் டாப்ளின் 'ரேடியோ குயின்' என்ற மாடலை மின்சார மோட்டாரில் பறக்கவிட்டுக் காட்டினார். ஆனால் பேட்டரியின் எடைதான் ரொம்ப நாள் தடையாக இருந்தது. எடை குறைந்த லித்தியம் பாலிமர் பேட்டரிகள், அதாவது 'லிப்போ', வந்த பிறகுதான் மின்சார விமானம் சாதாரண ஆட்கள் கைக்கும் வந்தது.

உள்ளே என்னென்ன இருக்கும்?

* டிரான்ஸ்மிட்டர்: உங்கள் கையில் இருக்கும் ரிமோட். இப்போது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது.
* ரிசீவர்: விமானத்துக்குள் இருந்து அந்த சிக்னலை வாங்குவது.
* சர்வோ: வாலிலும் இறக்கையிலும் உள்ள தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டார்.
* மோட்டார், ப்ரொப்பல்லர்: இழுவைக்கு. ப்ரொப்பல்லரில் 8x4 என்று போட்டிருந்தால், விட்டம் 8 இன்ச். ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 4 இன்ச் முன்னேறும் என்று அர்த்தம்.
* ஈஎஸ்சி: பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்.
* லிப்போ பேட்டரி.

கட்டுப்பாடு நான்கு வகை. த்ராட்டில் மோட்டார் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். எலிவேட்டர் மூக்கை ஏற்றும், இறக்கும். ரட்டர் மூக்கை இடம் வலமாகத் திருப்பும். எய்லரான் இறக்கையைச் சாய்க்கும். தொடக்கநிலை விமானங்கள் பலவற்றில் எய்லரான் இருக்காது. மூன்றே சேனல்தான். அது குறை இல்லை, பழகுபவருக்கு வசதி.

முதல் விமானம் எது?

வேகத்தைப் பார்க்காதீங்க. யோசிக்க நேரம் தரும் விமானத்தைப் பாருங்க.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். 25 கிலோமீட்டரில் போவது 7 மீட்டர்தான் கடக்கும். எந்தப் பக்கம் ஸ்டிக்கை நகர்த்துவது என்று நீங்கள் யோசிக்கும் அந்த ஒரு நொடிதான், விமானம் தப்புமா நொறுங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எனவே இந்த அடையாளங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்:

1. இறக்கை உடலின் மேல்பக்கம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.
2. முன்னாலிருந்து பார்த்தால் இறக்கையின் இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும். இது சாய்ந்த விமானத்தைத் தானாகவே நிமிர்த்த உதவும்.
3. வளைந்து கொடுக்கும் ஃபோமில் செய்திருக்க வேண்டும். பால்சா மரம் அழகுதான், ஆனால் அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.
4. ப்ரொப்பல்லர் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் கூடுதல் லாபம். மூக்கு மோதினாலும் அது தப்பிக்கும்.
5. இறக்கையின் பரப்புக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். உதாரணமாக 1.4 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள இறக்கையின் பரப்பு 28 சதுர டெசிமீட்டர். விமானத்தின் எடை 700 கிராம் என்றால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 25 கிராம். இந்த எண் குறையக் குறைய விமானம் மெதுவாகப் பறக்கும்.

இந்தக் குணங்களில் பெரும்பாலானவை மோட்டார் வைத்த கிளைடரில் ஒன்றாகக் கிடைக்கும். முதல் விமானமாகப் பலரும் அதைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

மோட்டாரை அணைத்த பிறகும் பறக்கும் கிளைடர்

கிளைடரில் மோட்டார் என்பது ஏறுவதற்கான படி மட்டும்தான். அரை நிமிடம் ஓடவிட்டு உயரம் ஏறியதும் அணைத்துவிடலாம். பல மாடல்களில் ப்ரொப்பல்லர் தானாக மடங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு சத்தமே இல்லாமல் மிதக்கும்.

நொடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இறங்கினாலும், 100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வர ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை ஆகும். அவ்வளவு நேரமும் நீங்கள் நிதானமாகத் திருப்பிப் பழகலாம்.

வெயில் நேரத்தில் பருந்து சிறகே அடிக்காமல் வட்டமடித்து மேலே மேலே போவதைப் பார்த்திருப்பீங்க. காய்ந்த வயலும் பாறையும் சீக்கிரம் சூடாகும். அங்கிருந்து வெப்பக் காற்று தூணாக எழும்பும். இதற்குப் பெயர் தெர்மல். அதற்குள் கிளைடரை வட்டமடிக்க விட்டால் மோட்டார் இல்லாமலேயே உயரம் ஏறும். எங்கே தெர்மல் இருக்கிறது என்று காட்ட கருவி தேவையில்லை, பருந்தைப் பார்த்தாலே போதும்.

பேட்டரியில் அலட்சியம் வேண்டாம்

இந்தப் பொழுதுபோக்கில் வீட்டுக்குள் நடக்கக்கூடிய ஆபத்து இதுதான். லிப்போ பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம்.

ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெட்டுவிடும். '3எஸ்' என்று எழுதியிருந்தால் மூன்று செல், அதாவது 11.1 வோல்ட்.

2200 எம்ஏஎச் பேட்டரியைப் பாதுகாப்பாக சார்ஜ் செய்ய 2.2 ஆம்பியர் வைத்தால் போதும். சீக்கிரம் ஏறட்டும் என்று கூட்டாதீங்க. அதோடு இந்த விதிகளையும் மறக்க வேண்டாம்:

* எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே பயன்படுத்துங்கள். செல்போன் சார்ஜரை வைத்து ஒட்டுப்போடும் வேலை வேண்டவே வேண்டாம்.
* மெத்தை, சோபா மேல் வைக்காமல், தரை அல்லது செங்கல் மேல் வைத்து சார்ஜ் செய்யுங்கள். பக்கத்திலேயே இருங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.
* உப்பிய பேட்டரி, அடிபட்ட பேட்டரி இரண்டையும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.
* வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.
* பல நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள்.

இன்னொரு விஷயம், வீட்டில் மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். அது விரலை வெட்டும்.

முதல் விபத்து கம்ப்யூட்டரில் நடக்கட்டும்

விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் சுலபம். உங்களை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகும், வலம் இடமாகும். புதியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான்.

இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். இறக்கை நிமிர்ந்துவிடும்.

இதைக் கை தானாகச் செய்யும்வரை கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகுங்கள். அங்கே நூறு முறை விழுந்தாலும் ஒரு பைசா செலவில்லை. பல ரிமோட்டுகளை யூஎஸ்பி மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கலாம்.

மைதானத்தில் முதல் நாள்

'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மியே பறந்தால் அரைக் கிலோ ஃபோம் என்ன ஆகும்? காற்று அடங்கியிருக்கும் அதிகாலைதான் பழகுபவர்களுக்கு ஏற்ற நேரம். இலை லேசாக அசைந்தால் பரவாயில்லை. கிளையே ஆடினால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

எடைச் சமநிலையைப் பாருங்கள். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் விமானம் சமநிலையில் நிற்க வேண்டும். 20 செ.மீ. அகல இறக்கை என்றால் தோராயமாக 5 முதல் 6.5 செ.மீ. தயாரிப்பாளர் சொன்ன அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு விரலில் தாங்கிப் பிடித்தால் மூக்கு ஒரு துளி தாழ்ந்திருக்கலாம். வால் கனத்தால் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. பேட்டரியை முன்னால் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு விமானத்தின் பேட்டரியை மாட்டுங்கள். முடிக்கும்போது தலைகீழ். ஸ்டிக்கை நகர்த்தினால் தட்டுகள் சரியான பக்கம் அசைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

காற்றை எதிர்த்து, மட்டமாக வீசுங்கள். வானத்தைப் பார்த்து வீசக் கூடாது. ஏறியதும் கீழேயே சுற்றாமல் போதிய உயரத்துக்குப் போங்கள். உயரம் என்பது கையிருப்புப் பணம் மாதிரி. தப்பு நடந்தால் அதை வைத்துத்தான் சமாளிக்க முடியும்.

வேகம் குறைந்து மூக்கு தூக்கி நின்றால் இறக்கை தூக்கு விசையை இழக்கும். இதுதான் ஸ்டால். பயத்தில் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுக்கத் தோன்றும். இழுத்தால் இன்னும் மோசமாகும். ஸ்டிக்கை லேசாக முன்னால் தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, வேகம் வந்ததும் மெதுவாக நிமிர்த்துங்கள்.

பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் இதெல்லாம் பாதி நேரத்தில் கைவரும்.

எங்கே பறக்கவிடலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானத்துக்கும் இடம் உண்டு. 25 கிலோவுக்கு மிகாத, கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காக மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்குவதே மாடல். இதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையிலான ரகத்தை வணிக நோக்கமின்றி இயக்க பைலட் லைசென்ஸும் வேண்டாம். பதிவு தொடர்பான விதிகளை வாங்கும் முன்பே அரசின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான இடங்களில் இது 200 அடிதான். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. இதற்கான வரைபடம் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் உள்ளது. விஐபி வருகை போன்ற நேரங்களில் 96 மணி நேரம் வரை தற்காலிக சிவப்புப் பகுதியும் அறிவிக்கப்படலாம் என்பதால், கிளம்பும் நாளிலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் மீனம்பாக்கம் மட்டும் இல்லை. தாம்பரம், சூலூர், தஞ்சாவூரில் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படை விமானத் தளங்கள், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். இந்தப் பக்கத்து ஆட்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மின்கம்பி, ரோடு, ரயில் பாதை, கூட்டம் இருக்கும் கடற்கரை எதுவும் வேண்டாம். அறுவடை முடிந்த வயல் அருமையான இடம். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவை எப்படித் திட்டமிடுவது?

விமானம் உடையும், மாறும். ரிமோட்டும் சார்ஜரும் பல வருடம் கூடவே வரும். எனவே பட்ஜெட்டில் அந்த இரண்டுக்கும் நல்லதாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு, மீதியில் எளிய விமானம் வாங்குங்கள். கூடவே ரெண்டு மூணு ப்ரொப்பல்லர் வாங்கி வையுங்கள். ஃபோம் உடைந்தால் அதற்கேற்ற பசையால் ஒட்டி, மேலே டேப் சுற்றினால் அடுத்த வாரம் மறுபடி பறக்கும்.

போர் விமான மாடல் எங்கேயும் போய்விடாது. கிளைடரை நினைத்த இடத்தில் தொடர்ந்து பத்து முறை சேதமில்லாமல் இறக்கிவிட்டீர்களா? அப்புறம் அதை ஆர்டர் போடுங்க.